வித்தும் செருக்கும்

உயிர் அநாதி, அஃது எவராலும் படைக்கப்பட்டதன்று. உடம்போ மாயையின் காரியம். உயிர் தன் வினைக்கீடாக நுகர்தற்குரிய உடம்பினை, மாயையை முதற்காரணமாகவும் தன் சத்தியைத் துணைக்காரணமாகவும் கொண்டு, இறைவன் நிமித்த காரணனாய் நின்று தோற்றுவித்தருளுகின்றான். இது சைவ சித்தாந்தத்தின் அடிப்படைத் துணிபாம். இதனைக் கல்லாத சைவர் இலர் எனலாம். ஆயினும், இதனைக் கற்றோர் இல்லங்களிலும், மகப்பேறு வாயாதவழி மருமகளை ‘மலடி’ யென்று இகழ்தலும், பெண் மகவே பிறந்தவழி அவள்மேலேயே முகஞ்சுளித்தலும், மக்கள் போதுமென்று கண்டவழி அறுவைக்கு அவளையே அனுப்புதலும் இன்றும் காணப்படுகின்றன. கொள்கை ஒன்றாகவும் ஒழுக்கம் மற்றொன்றாகவும் இருத்தற்குக் காரணம் யாது? மகப்பேற்றின்கண் ஆடவனுக்குரிய பங்கு எத்தகையது? அதன்பாற் பழியென ஒன்று உண்டாயின் அஃது யார்மேலது? கடமையென ஒன்று உண்டாயின் அதனை யார் ஆற்றற்பாலர்? இவ்வினாக்களே ஈண்டு ஆராயப்படுவன.

திண்டுக்கல் நகரும் அதனைச் சூழ்ந்த சமவெளியும் இவ்வாராய்ச்சிக்குப் பொருத்தமான களனாம். நகரின் நடுவே பத்மகிரியென வழங்கும் மலை ஓங்கி நிற்க, அதன் அடிவாரத்துத் திருக்கோயிலில் அபிராமியம்மை வழிபடப்படுகின்றாள். மேற்கே பழனியாண்டவன் திருமலை விளங்குகின்றது. மகப்பேறு வேண்டி இத்தலங்களை நாடுவோர் பலர். அவருள் விரதங்காத்து உண்ணாதிருப்பவளும், அடிமேலடி வைத்து வலம் வருபவளும், மரக்கிளையிற் சிறு தொட்டில் கட்டிக் கண்ணீர் உகுப்பவளும் பெரும்பாலும் மனைவியே யாவள். வேண்டுதல் இருவர்க்கும் பொதுவாக இருப்ப, குறையை மட்டும் ஒருத்தி சுமந்து வருதல் என்னை? குறை அவள்பாலதே யென்பது முன்னரே முடிவு செய்யப்பட்டுவிட்டமையின் என்க. அம்முடிவு உண்மையோ வென்பதை அறிதற்கு, ஆடவன் உடம்பினுள் வித்தானது தோன்றி வளர்ந்து புறம்போதரும் வழியை ஒருமுறை நோக்குதல் வேண்டும். சித்தாந்த நூல்களிற் சுத்தமாயைக்கு விந்து என்னும் பெயருண்டு. ஈண்டு அதனைக் குறித்தோமல்லம். தூலவுடம்பின் தாதுவாகிய விந்தே இங்குக் கருதப்படுவது.

விந்தணுக்கள் பிறக்குமிடம் விதைகள் இரண்டுமாம். ஏனை உள்ளுறுப்புக்கள் போல இவை வயிற்றகத்து இராது, தனியொரு பையில் உடம்பின் புறத்தே தொங்குதற்குக் காரணமுண்டு. மக்களுடம்பின் வெப்பம் ஏறக்குறைய 37 பாகை. அவ்வெப்பத்தில் விந்தணுக்கள் செவ்வனே உருவாகா. அதனினும் 2 முதல் 4 பாகை குறைந்த வெப்பமே அவற்றிற்கு வேண்டப்படுவது. குளிர்காலத்திற் பை சுருங்கி விதைகளை உடம்பின் அணித்தே ஈர்த்தலும், வெயிற்காலத்து நெகிழ்ந்து அகற்றுதலும் உடையவன் அறியாமலே நிகழ்வன. ஒவ்வொரு விதையினுள்ளும் நூலினும் மெல்லிய குழல்கள் பல சுருண்டு கிடக்கின்றன. அவற்றையெல்லாம் பிரித்து நீட்டினால் அவற்றின் நீளம் சில நூறு மீட்டர் அளவினதாகும். அக்குழல்களின் சுவரில் உள்ள மூல அணுக்கள் பிரிந்து பிரிந்து பெருகுகின்றன. அவற்றுட் சில, 46 குரோமோசோம்கள் 23 ஆகக் குறையுமாறு சிறப்பானதொரு பிரிவினை யடைந்து, பின்னர்த் தலையும் வாலும் பெற்று விந்தணுக்களாகின்றன. இம்மாற்றம் முற்றுப்பெற ஏறத்தாழ 64 நாள் முதல் 74 நாள் வரை செல்லும். அக்காலமெல்லாம் அவற்றைத் தாய்போல் அணைத்து ஊட்டி வளர்க்கும் துணையணுக்களும் அக்குழல்களின் அகத்தே உள. மூளையின் அடியிலுள்ள சிறு சுரப்பியொன்று விடுக்கும் நீர்களே இத்தொழில் முழுவதையும் ஏவி நடத்துகின்றன.

இங்ஙனம் தோன்றிய விந்தணு உடனே நீந்த வல்லதன்று. விதையின் பின்புறத்தே வளைந்து கிடக்கும் முதிர்குழலினுள் அது மெல்லச் செலுத்தப்படும். நீட்டினால் 6 மீட்டர் அளவுள்ள அக்குழலைக் கடக்கப் பல நாட்கள் ஆகும். அக்காலத்தே தான் அது நீந்தும் ஆற்றலும் முட்டையைச் சாரும் தகுதியும் பெறத் தொடங்குகின்றது. அதன்பின் ஏறக்குறைய 45 செண்டிமீட்டர் நீளமுள்ள விந்துநாளம் அதனை ஏற்று, பையினின்று மேலேறி, அடிவயிற்றினுட் புகுந்து, சிறுநீர்ப்பையின் பின்னே கொண்டு சேர்க்கின்றது. ஆண்டு விந்துப்பைகளும், புராஸ்டேட் என்னும் சுரப்பியும் தத்தம் நீரைக் கலக்கின்றன. வெளிப்படும் விந்துநீரில் மிகப்பெரும்பகுதி இச்சுரப்பிகளின் நீரே. விதைகளினின்று வருவது நூற்றில் 5 பங்கினும் மிகாது. விந்துப்பையின் நீரில் உள்ள ஒருவகைச் சருக்கரை விந்தணுவிற்கு உணவாம். முடிவில் இவை யனைத்தும் சிறுநீர் வழியாகிய ஒரே வாயிலாற் புறம்போதருகின்றன. நாளொன்றுக்கு 10 கோடிக்கு மேற்பட்ட விந்தணுக்கள், அஃதாவது ஒரு நொடிக்கு 1,000க்கு மேல், ஒரு நலமுடைய ஆடவனிடத்துத் தோன்றுகின்றன. அவற்றுள் ஒருகாற் புறப்படும் பல கோடியில், பெண்ணின் கருக்குழலில் முட்டையின் அணித்தே சென்றடைவன சில நூறே. அதனோடு ஒன்றுவது ஒன்றேயாம்.

இவ்வரலாற்றை நுண்ணிதின் நோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகாமற் போகாது. இத்துணைத் தொழிலுள் ஒன்றேனும் ஆடவன் தன் அறிவாலும் விருப்பாலும் இயற்றியதன்று. வெப்பத்தை அளந்தவன் அவனல்லன். 46ஐ 23 ஆக்கியவன் அவனல்லன். 6 மீட்டர்க் குழலின் வழியே செலுத்தியவனும் அவனல்லன். அவன் உறங்குகையிலும் உண்கையிலும் பிறரோடு வழக்காடுகையிலும் அத்தொழில் நடந்துகொண்டே யிருந்தது. உடம்பாகிய கருவியின்கண் இறைவன் ஆணை வழி நிகழும் இச்செயலை, ‘என் வித்து, என் ஆண்மை, என் குலம்’ என அவன் தனதாக்கிக் கொள்ளுதல், ஆற்றுநீர் தன் நிலத்தின் வழியே பாய்ந்தமையான் ஆற்றைத் தானே படைத்தவனாகக் கருதும் உழவன் கூற்றோடு ஒக்கும். யான் எனதென்னும் இவ்வுணர்வையே ஆணவமலத்தின் காரியமென்று நூல்கள் கூறும். ஆணவம் என்னுஞ் சொல் ஆண்மை யென்பதினின்று பிறந்ததன்று; வியாபகமாகிய உயிரை அணுத்தன்மைப்படச் செய்தலின் அப்பெயர்த்தாயிற்று. எனினும், அம்மலம் தன் வலிமையைக் காட்டும் இடங்களுள் ஆண்மைச் செருக்கும் ஒன்றென்பது தெளிவு.

ஈண்டு ஒரு தடை நிகழும். ‘பெண் நிலம், ஆண் வித்து. வித்தின் வழியதே பயிர். ஆதலின் மகவு தந்தையின் பொருளென்றும், விளையாமை நிலத்தின் குற்றமென்றும் கூறுவது பண்டை வழக்கன்றோ? அன்றியும், காரியம் காரணத்தின்கண் முன்னரே உளதென்னும் சற்காரியவாதமும் இதனை வலியுறுத்துமே’ யெனின், அது பொருந்தாது. மேலைநாட்டாரும் ஒருகால் இவ்வாறே மயங்கினர். 1677ஆம் ஆண்டில் ஆலந்து நாட்டு லீவன்ஹூக் என்பார் நுண்ணோக்காடியின் வழியே விந்தணுக்களைக் கண்டார். அதன்பின் 1694ஆம் ஆண்டில் ஹார்ட்சூக்கர் என்பவர், விந்தணுவின் தலையினுள் முழங்கால் மடக்கிய சிற்றுருவினனாய் ஒரு மனிதன் குந்தியிருத்தல் கூடுமென்று படமும் வரைந்தளித்தார். அக்கொள்கைப்படி தாய் வெறுங் கலமே. மனிதன் முழுவதும் தந்தையின்கண் உளன். ஆனால், 1827ஆம் ஆண்டில் வான் பேயர் என்பார் பாலூட்டும் உயிர்களின் முட்டையைக் கண்டறிந்தார். 1876ஆம் ஆண்டில் ஹெர்ட்விக் என்பார் கடல்வாழ் முள்ளெலி யொன்றின் முட்டையில், இரு கருக்கள் ஒன்றாதலே கருவுறுதல் என்பதை நேரிற் கண்டு நிறுவினார். தந்தையிடமிருந்து 23, தாயிடமிருந்து 23 என ஒத்த பங்கு கூடியே புதிய உடம்பு தோன்றுகின்றது. அன்றியும், முதலில் அவ்வுடம்பிற்கு உணவும் உறையுளுமாய் நிற்பது தாயின் முட்டையே. எனவே பெண் நிலமாதலோடு வித்துடையாளும் ஆகின்றாள். நிலமும் வித்துமென்னும் உவமை பாதியே பொருந்துவதாயிற்று.

இனிச் சற்காரியவாதம் இவ்விடத்து மயக்கத்திற்குத் துணையாகாது. மண்ணில் குடம் உளதென்பதற்கு, மண்ணினுள் ஒரு சிறிய குடம் ஒளிந்திருக்கின்ற தென்பது பொருளன்று. குடமாதற்குரிய சத்தி மண்ணின்கண் உளதென்பதே பொருள். அதுபோல, உடம்பாதற்குரிய சத்தி விந்தணுவின்கண் பாதியும் முட்டையின்கண் பாதியுமாக நின்று, இரண்டும் கூடியவழி விளக்கம் பெறும். ஹார்ட்சூக்கர் கண்டது சற்காரியமன்று; அதன் நிழலே. காரண வகையினைக் குயவனை யுவமித்துக் கூறுதல் மரபு. திண்டுக்கல்லாரோ தம் ஊர்ப் பூட்டினைக் கொண்டே இதனை எளிதின் உணரலாம். 2019ஆம் ஆண்டிற் புவிசார் குறியீடு பெற்ற அப்பூட்டிற்கு இரும்பு முதற்காரணம். அரமும் சுத்தியும் துணைக்காரணம். கம்மியன் நிமித்த காரணன். பூட்டும் திறவுகோலும் ஒருவன் கைப்பட்டே அமைகின்றன. திறவாதவழி, அக்கம்மியன் பூட்டை மட்டும் பழித்து எறியான்; திறவுகோலின் பல்லையும் எடுத்து நோக்குவான். பூட்டு அமைக்கும் தொழிலில் எவரும் அறிந்த இச்சிறு நேர்மை, மனித வாழ்க்கையில் மட்டும் மறக்கப்படுவது வியப்பன்றோ?

முதலாவதாக, மகப்பேறு இன்மையை நோக்குவோம். மகவு வாயாத தம்பதியருள் ஏறக்குறையப் பாதிப்பேரிடத்து, ஆடவன்பால் உள்ள குறை தனியேயாயினும் மனைவிபால் உள்ள குறையோடு கூடியாயினும் காரணமாகின்றதென மருத்துவர் கூறுவர். மேற்கூறிய வழியை நினைவிற் கொண்டால் இதில் வியப்பில்லை. அத்துணை நீண்ட வழியில் எவ்விடத்தும் தடை நேரலாம். இளமையில் விதை பையினுள் இறங்காது வயிற்றகத்தே தங்குதல், பருவமடைந்தபின் வரும் பொன்னுக்குவீங்கி விதையைத் தாக்குதல், விதையின் குருதிநாளங்கள் புடைத்து வெப்பம் மிகுதல், நாளம் அடைபடுதல், சுரப்பிகளின் நீர் குறைதல் என்பன அத்தடைகளுட் சில. புகையிலைப் புகையும் விந்தணுவின் எண்ணிக்கையையும் இயக்கத்தையும் கெடுக்கவல்லது. சுருட்டிற்குப் பெயர்பெற்ற ஊரில் இதனைச் சிறப்பாக நினைத்தல் வேண்டும். உலக நலவாழ்வு நிறுவனம் 2021ஆம் ஆண்டில் வெளியிட்ட கையேட்டின்படி, ஒரு மில்லிலீட்டர் விந்துநீரில் 1 கோடியே 60 இலட்சம் விந்தணுக்கள் என்பது கீழெல்லை யளவாகக் கொள்ளப்படுகின்றது. இதனை எண்ணியறியும் சோதனை எளிது. ஊசியும் கத்தியும் அதற்கு வேண்டா. பெண்ணுக்குச் செய்யப்படும் சோதனைகளோ பல. அவற்றுட் சில நோவு தருவன. எளிய சோதனையை ஆடவன் முதலில் மேற்கொள்ளாது, நோவு மிக்க சோதனைகளுக்கு மனைவியை ஆண்டுக்கணக்கில் உட்படுத்துதலும், அவையும் பயன்படாதவழி மறுமணம் பேசுதலும் எவ்வகை அறம்?

‘ஆயின் பழியை ஆடவன்மேல் ஏற்றுதலே இவ்வாராய்ச்சியின் முடிபோ’ வெனின், அன்று. அவன் விதையில் நிகழும் செயல் அவன் ஏவலன்மையின், ஆண்டு நேரும் குறையும் அவன் குற்றமாகாது. பெருமை கொள்ளுதற்கு இடமில்லாதவிடத்துப் பழிகொள்ளுதற்கும் இடமில்லை. உண்மையறிவு பழியைப் பெண்ணிடமிருந்து எடுத்து ஆணிடம் வைப்பதன்று, பழியையே இல்லாததாக்குவது. எஞ்சுவது கடமை யொன்றே. ‘எல்லாம் வினைப்பயன் எனின் மருத்துவம் எற்றுக்கு?’ என்று வினவுவாரும் உளர். பசியும் வினைப்பயனே, அதனால் எவரும் உண்ணாதொழிவதில்லை. வினை தன் பயனை ஊட்டுவது உலகத்துக் காரணங்களின் வாயிலாகவே. அக்காரணங்களை நாடுதல் திருவருளை மறுத்தலாகாது.

சித்தாந்த உலகின் தலையாய வரலாறொன்றே இதற்குச் சான்று பகரும். திருப்பெண்ணாகடத்து வாழ்ந்த அச்சுத களப்பாளர் மகப்பேறின்றி வருந்திய காலத்து, மனைவியைப் பழித்தாரென்றாவது வேறொருத்தியை நாடினாரென்றாவது வரலாறு கூறவில்லை. தம் குருவாகிய சகலாகம பண்டிதரை அடைந்தார். திருமுறையிற் கயிறு சாத்தப்பெற்றது. திருவெண்காட்டுத் திருப்பதிகம் வெளிப்பட்டது. களப்பாளரும் அவர்தம் மனைவியாரும் ஒருங்கே திருவெண்காட்டை யடைந்து முக்குளம் மூழ்கி வழிபட்டனர். இப்பிறப்பில் மகப்பேறில்லை யென்று கனவில் உணர்த்தப்பெற்ற பின்னரும், ஞானசம்பந்தர் திருவாக்கைத் துணையெனப் பற்றி நின்றார். அங்ஙனம் தோன்றியருளியவரே மெய்கண்டார். குறை இருவர்க்கும் பொது. நீராட்டும் இருவர்க்கும் பொது. பேறும் இருவர்க்கும் பொது. இதனைப் படித்தவர் தம் இல்லத்தில் ஒருத்தியைத் தனியே நீராட அனுப்புதல் யாங்ஙனம் தகும்?

மகவே வாயாதொழியினும் ஒரு பெண்ணின் பெருமைக்கு என்ன இழுக்கு? காரைக்காலம்மையார் மகவு பெற்றவரல்லர். அவரையே கயிலைப் பெருமான் ‘அம்மை’ யென்று அழைத்தருளினான். ஈன்றமையால் அன்றி அன்பினால் வரும் தாய்மையொன்று உண்டென்பதற்கு இதனின் மேற்பட்ட சான்று வேண்டா. ‘மலடி’ யென்னும் சொல்லை நாவில் வைப்பவர், எச்சொல்லை இறைவன் தன் நாவில் வைத்தான் என்பதை நினைத்தல் வேண்டும்.

இரண்டாவது, பெண் மகவு பற்றிய பழி. தாயின் முட்டைகள் அனைத்தும் எக்ஸ் என்னும் குரோமோசோமையே உடையன. விந்தணுக்களுட் பாதி எக்ஸ் உடையன. பாதி வொய் உடையன. 1905ஆம் ஆண்டில் நெட்டி ஸ்டீவன்ஸ் என்னும் அம்மையாரும் எட்மண்ட் வில்சன் என்பாரும் பூச்சிகளை ஆராய்ந்து வெளியிட்ட முடிபுகள் இவ்வுண்மைக்கு வழிவகுத்தன. எனவே பிறப்பது ஆணோ பெண்ணோ என்பது தந்தையின் விந்தணுவால் அமைகின்றது. அதனை அவனும் தெரிந்து விடுப்பதில்லை யென்பது மேலே காட்டப்பட்டது. அங்ஙனமாகவும், பெண் பெற்றாளென்று மனைவியைப் பழித்த நாவுகள் எத்துணை! பழித்தலோடு அமையாது, பிறந்த பெண் சிசுவைக் கொல்லும் கொடுமையும் இப்பகுதியிலும் அண்டை மாவட்டங்களிலும் நிகழ்ந்தது. அதனைத் தடுத்தற்பொருட்டு 1992ஆம் ஆண்டிற் சேலத்தில் தமிழ்நாட்டரசு தொடங்கிய தொட்டிற்குழந்தைத் திட்டம், 2001ஆம் ஆண்டில் திண்டுக்கல் முதலிய மாவட்டங்களுக்கும் விரிக்கப்பட்டது. கோயில் மரத்தில் மகவு வேண்டித் தொட்டில் கட்டிய நாட்டிலேயே, வேண்டாத மகவை இடுதற்கு அரசு தொட்டில் கட்ட நேர்ந்ததென்றால், அதனினும் மிக்க நாணம் யாது? காரைக்காலம்மையாரின் கணவன் பரமதத்தன் பாண்டிநாட்டில் மறுமணம் செய்துகொண்டு பெற்றது பெண் மகவையே. அதற்கு அவன் அம்மையாரின் திருப்பெயரை இட்டு மகிழ்ந்தானென்று திருத்தொண்டர் வரலாறு கூறும். வாணிகனாகிய அவன் அறிந்த நன்மையைப் பிற்காலத்தார் மறந்தனர்.

மூன்றாவது, மக்கட்பேற்றை அளவுபடுத்தும் சுமை. திண்டுக்கல்லை அடுத்த காந்திகிராமம் 1947ஆம் ஆண்டில் டாக்டர் சௌந்தரம் அம்மையாராலும் ஜி. இராமச்சந்திரன் அவர்களாலும் நிறுவப்பெற்றது. ஆங்கிருந்து 1959ஆம் ஆண்டில் ஆத்தூர் வட்டாரத்து ஊர்களில் ஒரு முன்னோடி நலவாழ்வுத் திட்டம் தொடங்கப்பெற்றது. ஊராரோடு பேசிப் பழகி, அவர்தம் இசைவோடு குடும்ப நலத்தைப் பரப்புதல் அதன் நோக்கங்களுள் ஒன்று. அப்பணியின் தொடர்ச்சியாக 1964ஆம் ஆண்டில் ஊரக நலவாழ்விற்கெனத் தனி நிறுவனமும் எழுந்தது. அக்காலத்துச் சென்னை மாகாணத்தில் நாளத்தை அறுத்துக் கட்டும் அறுவையை ஏற்ற ஆடவர் பலராவர். பின்னர் 1975 முதல் 1977 வரை நிலவிய நெருக்கடிக் காலத்து, நாட்டின் பல பகுதிகளில், சிறப்பாக வடபுலத்தில், ஆடவர் வலிந்து இவ்வறுவைக்கு உட்படுத்தப்பட்டனர். 1976-77ஆம் ஆண்டில் மட்டும் 80 இலட்சத்துக்கு மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நிகழ்ந்தன. அவற்றுட் பெரும்பாலன ஆடவர்க்குச் செய்யப்பட்டவை. இசைவின்றிச் செய்விக்கும் செயல் நன்மையேயாயினும் அறமாகாது. அவ்வன்முறையின் பின்விளைவாக ஆடவர் இவ்வறுவையை முற்றும் வெறுத்தொதுக்கினர். சுமை முழுவதும் பெண்டிர்மேல் வீழ்ந்தது. 2019-21ஆம் ஆண்டுகளில் எடுக்கப்பெற்ற தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் மணமான பெண்டிருள் நூற்றுக்கு 37.9 பேர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர். கணவர் செய்துகொண்டதோ நூற்றுக்கு 0.3 மட்டுமே.

ஆடவன் அஞ்சுவது எதனை? ஆண்மை அழியும், உடல் மெலியும் என்பதனையே. மேற்கூறிய வழியை அறிந்தார்க்கு அவ்வச்சம் நில்லாது. அறுக்கப்படுவது விந்துநாளம் ஒன்றே. ஆண்மைக்குரிய நீர் அந்நாளத்தின் வழியே செல்வதன்று. விதையினின்று நேரே குருதியிற் கலப்பது. ஆதலின் அது குறைவதில்லை. விந்துநீரின் பெரும்பகுதி நாளத்திற்கு அப்பாலுள்ள சுரப்பிகளினின்று வருதலின், அதுவும் காணத்தக்க அளவிற் குறைவதில்லை. விதையில் தோன்றும் விந்தணுக்கள் உடம்பினாலேயே ஈர்த்துக்கொள்ளப்படும். முன்னரே நாளத்தின் அப்பாற் சென்றவை நீங்க ஏறக்குறைய 3 திங்கள் ஆகும். அதுகாறும் காத்திருந்து சோதித்தறிதல் வேண்டும். பெண்ணுக்குச் செய்யும் அறுவை வயிற்றைத் திறந்து செய்யப்படுவது. ஆடவனுக்குரியதோ பையின் தோலில் ஒரு சிறு துளையளவில் முடிவது. 1974ஆம் ஆண்டிற் சீன நாட்டு மருத்துவர் லீ ஷுன்சியாங் என்பார் கத்தியின்றியே இதனைச் செய்யும் முறையை வகுத்தார். மகவைப் பத்துத் திங்கள் சுமந்து, நொந்து ஈன்று, பாலூட்டிய உடம்பையே மறுபடியும் கத்திக்குக் கொடுத்துவிட்டுத் தன் உடம்பைக் காத்துக்கொள்ளுபவன் எதனை ஆண்மை யென்று காக்கின்றான்?

இவ்விடத்து மற்றொரு தடை எழுப்பப்படும்: ‘உயிர் தந்தையின் உடம்பு வழியே வந்து தாயின் கருவை யடையுமென்பது நூல்வழக்காதலின், நாளத்தை அடைத்தல் வரும் உயிர்களைத் தடுத்துக் கொல்லுதலாகாதோ?’ ஆகாது. ஒவ்வொரு விந்தணுவும் ஓர் உயிரின் உடம்பாயின், ஒரு மகவு பிறக்கும்போதும் பல கோடி உயிர்கள் மடிந்தன என்று கொள்ளவேண்டிவரும். இல்லறமே கொலைக்களம் ஆய்விடும். விந்தணு நீந்துதல் அறிவினால் நிகழ்வதன்று. தூலவுடம்பின் உறுப்பொன்றன் இயக்கமே யது. அன்றியும், 23 குரோமோசோம்களே உடைய அது உடம்பின் பாதிக் கூறு. ஓருயிர் வினையை நுகர்தற்கேற்ற உடம்பன்று. சூக்கும உடம்போடு வரும் உயிர்க்கு உரிய வாயிலை வினைக்கீடாக அமைப்பவன் இறைவன். ஒரு நாளம் அடைபட்டமையால் அவன் வாயில் அடைபடுமென்று அஞ்சுதல், அவன் முற்றறிவையும் முடிவிலாற்றலையும் ஐயுறுதலாம். அளவோடு பெற்று அன்போடு வளர்த்தல் இல்லறத்திற்கு இழுக்காகாது.

மேற்கூறிய மூன்றிடத்தும் நோய் ஒன்றே என்பது இதுகாறும் கூறியவற்றாற் பெறப்படும். மகவு பிறந்தவழி ‘என் வித்து’ என்கின்றான். பிறவாதவழி ‘உன் குறை’ என்கின்றான். பெண் பிறந்தவழி ‘உன் ஊழ்’ என்கின்றான். போதுமென்றவழி ‘உன் கடன்’ என்கின்றான். பெருமை வருமிடத்து முன்னிலையாகவும், பழியும் நோவும் வருமிடத்து மறைவாகவும் நிற்றலே ஆணவத்தின் இயல்பு. ஆணவமாவது யாது, அது யாண்டு உளதென்று நூலிடைத் தேடுவார், தம் இல்லத்துள் இவ்விடங்களில் தேடின் விரைவிற் காண்பர்.

திருச்சிராப்பள்ளியில், காவிரிப் பெருக்கால் தாய் வர இயலாது வருந்திய கருவுற்ற மகளுக்கு, இறைவன் தாயின் வடிவு கொண்டு வந்து பேறுபார்த்துத் தாயுமானான். உலகிற்கெல்லாம் தந்தையாகிய அவன், ஈனும் பெண்ணின் அருகிருந்து தொண்டு செய்தலைத் தனக்கு இழிவாகக் கொண்டிலன். அவன் அடியாரென்று திருநீறு பூசும் ஆடவர்க்கு, மனைவிக்கு முன்னே தாம் சோதனைச் சாலைக்குச் சென்று நிற்றலும், பிறந்த பெண் மகவை முதலில் தம் கையில் ஏந்துதலும், போதுமென்ற காலத்து எளிய அறுவையைத் தாம் ஏற்றலும் இழிவாகுமோ? அருச்சனையும் பாராயணமும் கோயிலிற் செய்யும் வழிபாடு. இவை இல்லத்திற் செய்யும் வழிபாடென்க. வித்தின் வழியை அறிதலாற் செருக்கு அகலும். செருக்கு அகலுமிடத்து, உடம்பைத் தந்தருளினவன் யாரென்பது தானே விளங்கும்.

திருச்சிற்றம்பலம்